நால்வர் சுமந்த கட்டில்

(யூபிலி விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மனம் எங்கெல்லாம் ஓடுகிறது! கோயிலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், கொடிமரத்துக்கு மெருகு போட வேண்டும், ஆயர் ஆண்டகைக்கு வரவேற்பு வளைவு வைக்க வேண்டும், மலருக்கு விளம்பரம் சேர்க்க வேண்டும், தேருக்கு விளக்கு, அசனத்துக்கு அரிசி. இவை யாவும் வேண்டியவையே. கடந்த ஆறு மாதமாக நம் இளைஞர்கள் இவற்றுக்காக அலைந்து திரிவதைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், யூபிலி ஆண்டுக்கென்று அங்கே சொல்லப்பட்டிருக்கும் வேலை வேறு. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கியதும் நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்குத் திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமைப்பட்டுப் போனவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். ஆகவே யூபிலி கொண்டாடும் பங்கு தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: நம்மில் இன்னும் திரும்பி வராதவர் யார்?

நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் சில பெயர்கள் நம்மை நிறுத்துகின்றன. ஞானஸ்நானம் உண்டு, புதுநன்மை உண்டு, சிலருக்குத் திருமணப் பதிவும் உண்டு. அதன்பின் கோயில் அவர்களைக் காணவில்லை. அவர்கள் இறக்கவுமில்லை, ஊரை விட்டுப் போகவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் தமிழகத்தில் ஊனமுற்றோர் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். அதாவது ஏறத்தாழ 60 பேருக்கு ஒருவர். கணக்கில் வராதவர்கள் வேறு. வருகிற ஞாயிறு பூசைக்கு வரும்போது சற்றுத் திரும்பிப் பாருங்கள். 60 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அவர்கள் நம்மோடு அமர்ந்திருக்கிறார்களா? இல்லை என்றால், நம் ஊரில் அவர்கள் குறைவு என்று பொருளல்ல. நம் கோயிலில் குறைவு என்றே பொருள்.

பெயரைப் பற்றி ஒரு சொல். அந்நாளில் குருடர், செவிடர், முடவர், நொண்டி என்றே வேதநூல் மொழிபெயர்ப்பிலும் இருந்தது, நம் வாயிலும் இருந்தது. பிறகு ஊனமுற்றோர் என்றோம். 2010ஆம் ஆண்டு தமிழக அரசு மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லை வழக்கத்துக்குக் கொண்டு வந்தது. நல்ல சொல்தான். ஆயினும் சொல் மாறிய வேகத்தில் படிக்கட்டு மாறவில்லை. ஆகவே சொல்லைப் பற்றிய சண்டையை வேறு நாளுக்கு வைத்துக்கொள்வோம். நம் தெருவில் உள்ளவரைப் பெயர் சொல்லி அழைத்தாலே போதுமானது.

எம். புதுப்பட்டியையும் சிவகாசியைச் சுற்றிய ஊர்களையும் பற்றி வெளியாருக்கு விளக்க வேண்டும். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்த கரிசல் காட்டில் மக்கள் பிழைக்க வழி தேடிய காலத்தில், 1920களில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது, அச்சுத் தொழில் வந்தது. இத்தொழிலே நமக்குச் சோறு போட்டது. நம் பிள்ளைகள் கல்லூரி வரை படித்ததும் இதனால்தான். அதைக் குறை கூற நாம் இங்கு கூடவில்லை.

ஆனால் இத்தொழில் நம் வீடுகளில் விட்டுச் சென்றதையும் சொல்லத்தான் வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள்கூட அல்லர், புகையைக் கண்டு ஓடிச் சென்றவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17 அன்று நமக்கு அருகே ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலோர் பெண்கள். இந்நாட்களை நாம் மறக்கவில்லை. இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம், கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். செத்தவர் தொகை பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருகிறது. பிழைத்தவர்களைப் பற்றிச் செய்தியின் கடைசியில் ஒரு வரி: இத்தனை பேர் காயமுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்த ஒரு வரிக்குள் போனவர்கள் அதன்பின் எப்படி வாழ்கிறார்கள் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

வீடு சந்திக்கச் செல்லும்போது நாம் காண்பது இதுதான். தீக்காயம் ஆறிவிட்டது என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பிய பிறகுதான் உண்மையான துன்பம் தொடங்குகிறது. வெந்த தோல் ஆறும்போது சுருங்குகிறது. கழுத்துத் தோல் இழுத்து முகவாய் நெஞ்சோடு படிகிறது. விரல்கள் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அக்குள் ஒட்டிக் கை மேலே எழும்புவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நாள்தோறும் பயிற்சி கொடுத்தால்தான் இதைத் தடுக்க முடியும். வலி பொறுக்கமாட்டாமல் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போகிற வீட்டில் கூட இருந்து பயிற்சி கொடுக்க ஆளும் இல்லை. தோல் ஒட்டுச் சிகிச்சை செய்த இடத்தில் வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. ஆகவே உடம்பின் சூடு வெளியேற வழியின்றித் தவிக்கிறார்கள். வெடிச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்தவர்களும் உண்டு.

இப்போது நம் கோயிலை எண்ணிப் பாருங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நாமே விசிறிக்கொண்டு உட்காருகிற கோயில். மின்விசிறி பீடத்துக்கு நேரே இருக்கிறது, கடைசி வரிசைக்கு இல்லை. தீயில் வெந்தவர்கள் எங்கே வந்து உட்காருகிறார்கள்? வந்தால் கடைசி வரிசையில், சுவரோரமாக. ஒரு தாய் விடிகாலைப் பூசைக்கு வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை கண்டு, நன்மை வாங்கும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். உள்ளே வரச் சொன்னால், "சின்னப் பிள்ளைக பாத்துப் பயப்படுதுக சாமி" என்பார். பிள்ளைகள் பயப்படுவதில்லை, அன்பர்களே. பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயப்படக் கற்றுக்கொள்கின்றன.

நம் மக்களுக்குத் தீய எண்ணம் கிடையாது. விபத்து நடந்த அன்று ஊரே ஓடி வருகிறது. இரத்தம் கொடுக்கிறார்கள், வேன் பிடிக்கிறார்கள், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறார்கள். முதல் மாதத்து அன்பு நம்மிடம் நிறைய உண்டு. ஐந்தாம் ஆண்டு அன்புதான் குறைவு.

மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் வரும் திமிர்வாதக்காரனின் கதை நமக்குப் பாடமானது. நால்வர் அவனைக் கட்டிலோடு சுமந்து கப்பர்நாகூம் ஊரில் ஆண்டவர் இருந்த வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே போக முடியவில்லை. வாசலில் யார் தடுத்தது? உரோமைப் படைவீரரா? பரிசேயரா? இல்லை. ஆண்டவருடைய போதனையைக் கேட்க ஆசையோடு வந்த கூட்டம்தான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பக்தி உள்ளவர்கள், முன்கூட்டியே வந்து இடம் பிடித்தவர்கள், ஒருவரும் கெட்டவர் இல்லை. ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நால்வர் கூரையைப் பிரித்தார்கள். நற்செய்தியாளர் கவனமாக எழுதுகிறார்: ஆண்டவர் பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை. கட்டிலில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சுமந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டு அவனோடு பேசினார். கூரைக்குச் சொந்தக்காரர் என்ன சொன்னார் என்று வேதநூலில் இல்லை. நம் ஊராக இருந்தால் பங்கு மன்றம் கூட்டி விசாரித்திருப்போம்!

ஆகவே ஊனமுற்றோரைக் கோயில் எப்படி வரவேற்பது என்ற கேள்விக்கு முதல் பதில் சுவரிலும் படியிலும் இல்லை. வாசலில் நிற்கிற நாம் கொஞ்சம் விலகி வழிவிடுவதில் இருக்கிறது.

அடுத்து நம் நாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளை, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், "எந்தப் பாவமோ, யார் சாபமோ" என்று பேசுகிறோம். அந்தத் தாயின் காதுபடவே பேசுகிறோம். அருளப்பர் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் சீடர்களே இக்கேள்வியைக் கேட்டார்கள்: பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று. இருவரும் இல்லை என்று ஆண்டவர் முடித்துவிட்டார். இரண்டாயிரம் ஆண்டாக முடிந்துபோன வழக்கை நாம் ஏன் மீண்டும் மீண்டும் எடுக்கிறோம்?

இன்னொரு கொடுமையும் உண்டு. குணமளிக்கும் கூட்டம் என்று ஊர் ஊராகப் பிள்ளையைத் தூக்கிச் செல்கிறார்கள். குணமாகவில்லை என்றால், "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளையின் நோயோடு தாயின் தலையில் பழியும் ஏறுகிறது. செபிக்க வேண்டாம் என்று ஒரு குரு சொல்வாரா? செபியுங்கள். நோயில்பூசுதல் என்ற தேவதிரவிய அனுமானமே நமக்கு இருக்கிறது. ஆனால் செபம் மருத்துவரிடம் போகிற வழியை அடைக்கலாகாது. மனநோயாளிகளைக் கெபிகளிலும் திருத்தலங்களிலும் கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கம் எல்லா மதத்தாரிடமும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். தீ என்றால் என்னவென்று அறிந்த நம் ஊர் மக்கள் இதை மறக்கலாகாது.

ஊனமுற்றோருக்கு நாம் என்ன செய்கிறோம் என்று கேட்டால், உடனே தர்மத்தைக் காட்டுகிறோம். கிறிஸ்துமசுக்கு வேட்டி, சேலை. மேடையில் ஏற்றி, பெயரை ஒலிபெருக்கியில் வாசித்து, புகைப்படமும் எடுக்கிறோம். இந்த யூபிலிக்கும் அப்படி ஒரு யோசனை வந்தது. நல்ல மனத்தோடு சொன்னவர்கள் மனம் நோகக்கூடாது. ஆயினும் அது வேண்டாம் என்பதே நம் கருத்து. லூக்காஸ் நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் விருந்து வைப்பவன் ஏழைகளையும் ஊனரையும் பார்வையற்றோரையும் அழைக்க வேண்டும் என்கிறார் ஆண்டவர். பந்தியில் இலை போடச் சொன்னாரே தவிர, பொட்டலம் கட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. நம் அசனத்தில் அவர்கள் முதல் பந்தியில், எல்லாரோடும் கலந்து உட்கார வேண்டும். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு மேசை போடும்போது தனியாக ஒரு மூலையில் போடாமல், அவர்கள் குடும்பத்தாருக்கும் அதே மேசையில் இலை போடுங்கள். விரல் மடங்கியவர்களுக்குக் கேட்காமலே ஒரு கரண்டி வையுங்கள். இதற்கு நன்கொடை ரசீது தேவையில்லை.

தர்மத்தைவிட உயர்ந்தது இடம் கொடுத்தல். பீடத்தருகில் இடம் கொடுத்தல். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

புனித ஈசாக் ஜோக் என்ற சேசுசபைக் குருவைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பிரான்சு நாட்டவர், வட அமெரிக்காவில் வேதம் போதித்தார். 1642இல் மொகாக் இனத்தாரிடம் சிறைப்பட்டார். அவர் விரல்களைக் கடித்தும் வெட்டியும் சிதைத்தார்கள். தப்பித்துத் தாய்நாடு வந்தார். அன்றைய ஒழுங்குப்படி, தேவ வசீகரம் செய்த அப்பத்தைக் குரு பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டுமே தொட வேண்டும். விரல் இழந்தவர் பூசை வைக்க முடியாது. பாப்பரசர் எட்டாம் உர்பானுக்குச் செய்தி எட்டியது. அவர் விலக்களித்தார். சிதைந்த அந்தக் கைகளோடு ஈசாக் ஜோக் மீண்டும் பீடம் ஏறினார். மீண்டும் அதே நாட்டுக்குச் சென்று 1646இல் வேதசாட்சியாக மரித்தார். 1930இல் புனிதர் பட்டம் பெற்றார். ஆலை விபத்தில் விரல் இழந்த நம் சகோதரர்கள் இந்தப் புனிதரின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருக்குக் கிடைத்தது தனி விலக்கு. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் உடல் ஊனம் குருத்துவத்துக்குத் தடைகளில் ஒன்றாகவே இருந்தது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் அத்தடை இல்லை. 2024 மே 2 அன்று கேரளத்தில் திருச்சூரில், காது கேளாத, வாய் பேச இயலாத ஜோசப் தெர்மடம் என்ற திருச்சிலுவைச் சபைத் துறவி குருப்பட்டம் பெற்றார். நம் நாட்டில் அப்படிப்பட்ட ஒருவர் குருவானது அதுவே முதல் முறை. சைகை மொழியிலே பூசை வைக்கிறார். திருச்சபை இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் பங்கில் ஒரு கை இழந்த வாலிபன் முதல் வாசகம் வாசிக்க முன்வந்தால் நாம் என்ன சொல்வோம்? புத்தகத்தை எப்படிப் புரட்டுவான் என்போமா, அல்லது பக்கத்தில் நின்று ஒரு பீடச் சிறுவன் புரட்டட்டும் என்போமா?

ஒரு பங்குக் குரு நினைத்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கும் ஒரு சான்று. பிரான்சில் கூப்வ்ரே என்ற சிற்றூரில் குதிரைச் சேணம் தைப்பவர் ஒருவர் இருந்தார். அவருடைய பட்டறையில் மூன்று வயது மகன் ஊசியை எடுத்து விளையாடியபோது கண்ணில் குத்திக்கொண்டான். புண் அடுத்த கண்ணுக்கும் பரவி இரு கண்ணும் போயிற்று. பட்டறை விபத்துதான், நம் ஊர்க் கதை போலவே. அவ்வூர்ப் பங்குக் குரு அச்சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்தார். பாரிஸ் நகரப் பார்வையற்றோர் பள்ளிக்கும் வழி செய்தார். அந்தச் சிறுவன்தான் லூயி பிரெயில். பதினைந்து வயதில், 1824இல், விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தை அமைத்தவன். பிற்காலத்தில் பாரிஸ் கோயில்களில் ஆர்கன் வாசித்தும் வந்தார். அவருக்கு முன்பே, 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில், தெ லெப்பே என்ற குரு காது கேளாத இரு சகோதரிகளைக் கண்டார். இவர்கள் ஞானோபதேசம் இல்லாமலே வளர்வதா என்று வருந்தி, அவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியதே காது கேளாதோர் பள்ளியாக வளர்ந்தது. நமக்கு எட்டும் தூரத்தில் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் 1897இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், அதனால் என்ன? தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய இராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். கை கால் அசையாத ஒருவர் ஆயிரக்கணக்கானோருக்கு வழி காட்டினார். 2020இல் பத்மசிறீ விருது பெற்றார். நாம் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அது.

தேவதிரவிய அனுமானங்களைப் பற்றிப் பெற்றோர் பலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்குப் புதுநன்மை கொடுக்கலாமா? மந்திரங்கள் ஒப்பிக்கத் தெரியாதே? 1910ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணை அப்பத்துக்கும் வேற்றுமை அறிந்தால் குழந்தைகளுக்குப் போதும் என்று வழி திறந்தார். 2007இல் பதினாறாம் ஆசீர்வாதப்பர், மனவளர்ச்சி குன்றியோர் தம் குடும்பத்தின் விசுவாசத்திலும் உடன் வரும் சமூகத்தின் விசுவாசத்திலும் நற்கருணை உட்கொள்ளுகிறார்கள் என்று எழுதினார். நால்வருடைய விசுவாசத்தைக் கண்ட ஆண்டவரை இங்கும் காண்கிறோம் அல்லவா? இத்தகைய பிள்ளைகளுக்கும் இயன்ற அளவு ஞானோபதேசம் கிடைக்கச் செய்வது பங்குக் குருவின் கடமை என்று 1983ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. இரக்கம் இருந்தால் செய்யலாம் என்று சொல்லவில்லை. பிள்ளை நடுப்பூசையில் சத்தமிட்டால் வெளியே தூக்கிச் செல்ல வேண்டாம். பிரசங்கம் நின்றால் நிற்கட்டும்; பெரிய நட்டம் ஒன்றுமில்லை.

வாய் பேச இயலாதவர்களின் திருமணச் சம்மதம் சைகையால் செல்லும். பாவசங்கீர்த்தனத்துக்கு மொழிபெயர்ப்பவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். இவை அனைத்தும் சட்டத்தில் உள்ளவை. கை கூப்ப முடியாதவருக்குச் சமாதானம் கூறும்போது, அவர் தலையசைத்தால் நாமும் தலையசைப்போம். உள்ளங்கை விரிக்க முடியாதவர் நன்மை வாங்க வரும்போது நாவில் கொடுப்போம். வரிசையில் பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டாமல் இருந்தால் சரி.

இனி நடைமுறைக் காரியங்கள். நம் கோயில் வாசலில் மூன்று படிகள். படிக்கு அரையடி, ஆக ஒன்றரை அடி உயரம். சாய்தளம் கட்டும்போது ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விட வேண்டும் என்பது கணக்கு. ஆகவே நமக்கு 18 அடி நீளம் வேண்டும். சில பொதுக் கட்டடங்களில் இடமில்லை என்று செங்குத்தாக ஒரு சாய்தளம் போட்டிருக்கிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஏறினால் கவிழும். அது கண்துடைப்பு. தெற்கு வாசலில் இடம் இருக்கிறது. இரு பக்கமும் கைப்பிடி, மழையில் வழுக்காத சொரசொரப்பான தரை. வரவேற்பு வளைவை இரண்டு தட்டிலிருந்து ஒரு தட்டாகக் குறைத்தால் இதற்கான பணம் பெரும்பாலும் தேறிவிடும் என்று பொருளாளர் கணக்குப் போட்டிருக்கிறார். அவ்வாறே செய்வோம். மின்விசிறியின் கீழ், சன்னலை ஒட்டி இரண்டு வரிசை தீக்காயமுற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம், தெரிந்து விட்டுக்கொடுத்தால் போதும்.

வின்சென்ட் தே பால் சபையாரிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். வீடு வீடாகச் சென்று பட்டியல் எடுக்க வேண்டும். பெயர், வயதோடு, அடையாள அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று மருத்துவச் சான்று இருந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும். அமிலம் வீசப்பட்டு உருச்சிதைந்தவர் அப்பட்டியலில் இருக்கிறார். பட்டாசுத் தீயில் உருச்சிதைந்தவர் தனி வகையாக இல்லை. கை கால் செயலிழப்பு, பார்வை, செவி என்று வேறு வகையில்தான் சான்று பெற வேண்டும். இது அநியாயம் என்றே நாம் கருதுகிறோம், ஆயர் ஆண்டகை வழியாக அரசுக்கு விண்ணப்பம் எழுதவும் எண்ணியிருக்கிறோம். அதுவரை, விருதுநகர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று வரிசையில் உடன் நிற்க ஆள் வேண்டும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1923இலேயே இந்நாட்டில் வந்தது. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் வேலை செய்தவர் எந்தச் சட்டத்தைக் காட்டுவார்? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பெயர் ஏறியதா, ஈ.எஸ்.ஐ. அட்டை வந்ததா என்று கேளுங்கள். கேட்பது ஒரு குற்றமல்ல.

போலியோவைச் சொட்டு மருந்தால் ஒழித்தோம். 2011க்குப் பின் நம் நாட்டில் இயற்கையான போலியோ கிருமியால் அந்நோய் கண்டவர் இல்லை, 2014இல் அதற்குச் சான்றும் கிடைத்தது. நம் பகுதியில் ஊனத்தை உண்டாக்கும் மருந்து வேறு. அது இன்னும் கலக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே நம் பட்டியலும் நீளும் என்பதை மனத்தில் வைத்துச் சாய்தளம் கட்டுங்கள்.

கடைசியாக வாணவேடிக்கை. நம் ஊரில் பட்டாசு இல்லாத திருவிழாவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் கையால் செய்ததை நம் திருவிழாவில் கொளுத்துவதில் ஒரு பெருமை உண்டு; அதை நிறுத்தச் சொல்ல மாட்டோம். ஆனால் தேர்பவனியில் சரவெடி வெடிக்கும்போது நம் தெருக்களில் சில வீடுகள் கதவை இறுக்கி அடைக்கின்றன. உள்ளே ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலடியில் ஒடுங்குகிறார். மறுநாள் வரை சோறு இறங்குவதில்லை. இவ்வாண்டு இப்படிச் செய்வோம். பூசை நேரத்தில் வெடி வேண்டாம்; எழுந்தேற்றத்துக்கு மணியே போதும். தேர் செல்லும் தெருக்களில் வெடி வேண்டாம். தேர் நிலைக்கு வந்த பிறகு, இரவு 9 மணி முதல் 9.15 வரை, கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் உள்ள பொட்டலில் மட்டும். மூன்று நாள் முன்னதாகவே ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொல்லிவிடுவோம். அந்நேரத்தில் வெளியூர் போக விரும்பும் குடும்பங்களுக்கு வேன் ஏற்பாடு ஆகியிருக்கிறது. வீட்டிலேயே இருக்க விரும்புகிறவர்களோடு அந்தக் கால்மணி நேரம் யாராவது உடன் உட்கார்ந்திருக்க வேண்டும். மரியாயின் சேனையார் ஆறு வீடுகளுக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். இன்னும் எட்டு வீடுகளுக்கு ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் உபதேசியாரிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.